மூன்றாம் தரம் கூப்பிட்ட குரல்

பொழுதுபட்ட பிறகு வாசலில் யாராவது கூப்பிட்டால், மூன்றாம் தரம் கூப்பிடும்வரை நான் வாய் திறப்பதில்லை. கதவையும் திறப்பதில்லை. உயிரோடு இருக்கிறவர்கள் மூன்று தரம் கூப்பிடுவார்கள், இல்லாதவர்களுக்கு இரண்டுக்கு மேல் குரல் எழும்பாது என்பது எங்கள் வீட்டில் நான் பிறந்த நாள் முதல் இருக்கிற நம்பிக்கை. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில், லிஃப்ட் வைத்த கட்டடத்தின் நாலாம் மாடியில் இருந்துகொண்டு இதைக் கடைப்பிடிப்பது மற்றவர்களுக்குப் பகிடியாக இருக்கலாம். பின்னேரத்தில் மரக்கறி கொண்டுவருகிறவருக்கு இது தெரியும். மூச்சு விடாமல் "அக்கா, அக்கா, அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் கூடையை இறக்குவார்.

எனக்கு ஒரே ஒரு மகள். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இவர், அவளுடைய அப்பா, கண்ணை மூடிவிட்டார். அதன் பிறகு இந்த வீட்டில் நானும் அவளும் சுவாமிப் படங்களும்தான். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அவள் கொம்பியூட்டர் படித்தாள். படித்து முடித்ததும் வங்கியிலோ கம்பனியிலோ போய் இருப்பாள் என்று பார்த்தால், கூடப் படித்தவர்களோடு சேர்ந்து பம்பலப்பிட்டியில் கொப்பி பென்சில் விற்கிற ஒரு கடைக்கு மேல் இரண்டு அறை எடுத்து, கேம் செய்யப்போகிறோம் என்றாள். போனில் பிள்ளைகள் விளையாடுவார்களே, அதைச் செய்வதற்கும் ஆட்கள் வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

லண்டனில் இருக்கிற என் அண்ணாவுக்கு இது பிடிக்கவில்லை. அவளை அங்கே எடுப்பதற்கு எல்லா ஒழுங்கும் செய்து வைத்திருந்தார். ஞாயிறுகளில் போன் எடுத்தால் சுகம் விசாரிக்க முதல் அதைத்தான் கேட்பார். கடைசியில் மகள் அவருக்கு ஒரு சொல் கொடுத்தாள். இந்தக் கேம் வெளியில் வரட்டும், சரிவராவிட்டால் மறுபேச்சில்லாமல் வந்துவிடுகிறேன் என்று. அவள் அந்தச் சொல்லைக் கொடுத்தபோது நான் குசினியில் பருப்பு வடித்துக்கொண்டு நின்றேன். கேட்காத மாதிரி நின்றேன்.

பிறகுதான் என்ன கேம் என்று சொன்னாள்.

"அம்மா, உங்கட மூண்டு தரக் கதையைத்தான் செய்யிறம்."

சிரித்துச் சமாளித்தேன். அவள் விளக்கினாள். கடலோடு ஒட்டின களப்புக் கரையில் ஒரு கிராமம். விளையாடுகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு லாம்பைப் பிடித்துக்கொண்டு பொழுதுபடுகிற நேரம் அந்த ஊருக்கு வருவார்கள். எந்த நாட்டில் இருந்து விளையாடினாலும் ஒரே ஊர்தான். ஒருவருடைய வெளிச்சம் மற்றவருக்குத் தெரியும். வீடுகளில் இருந்து ஒரு பெண்ணின் குரல் கூப்பிடும். சில வீடுகளில் மனிதர்கள் இருக்கிறார்கள், சில வீடுகளில் இல்லை. இரண்டாம் கூப்பிடலுக்கு உள்ளே போனால் லாம்பு அணைந்துவிடும், முதலில் இருந்து தொடங்க வேண்டும். மூன்றாம் தரம் கூப்பிடும்வரை பொறுத்து நின்றால் உள்ளே விளக்கும் சாப்பாடும் இருக்கும். பொறுமைதான் விளையாட்டு என்றாள்.

குரலுக்கு முதலில் வானொலியில் நாடகம் நடிக்கிற ஒருவரைப் பிடித்தார்களாம். நல்ல குரல், ஆனால் யாரையும் கூப்பிடுகிற மாதிரி இல்லை, செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். ஒரு நாள் மத்தியானம் மைக்கோடு வந்து என்னைப் படுக்கையறைக்குள் இருத்தி, தலையணைகளைச் சுற்றி அடுக்கினாள். தான் வெளியில் விளையாடப் போய் இருட்டிவிட்டது என்று நினைத்துக் கூப்பிடச் சொன்னாள்.

நான் கூப்பிட்டேன். "பிள்ளை, பொழுதுபட்டிட்டுது, வீட்டை வா." இரண்டாம் தரமும் கூப்பிட்டேன். மூன்றாம் தரம் வாயெடுக்க, அலுமாரிக்குப் பின்னால் பல்லி சொல்லிற்று. அதுவும் சொல்லக்கூடாத திக்கில் இருந்து. எனக்கு வாய் ஓடவில்லை. பெற்ற பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடுகிற சொல்லுக்குப் பல்லி சொன்னால் எப்படி? இன்றைக்கு வேண்டாம், வெள்ளிக்கிழமை பார்ப்போம் என்று எழும்பிவிட்டேன். அவளும் சரி என்றாள். அந்த வெள்ளிக்கிழமை வரவேயில்லை. அவளுக்கு வேலை, எனக்குக் கோயிலில் திருவிழா. இருவரும் மறந்துபோனோம்.

கேம் திறக்கிற நாள் பின்னேரம் நான் சாமி அறையில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினேன். தேங்காய் நல்லாக உடைந்தது. மகள் அன்று வீட்டில் இருந்தே வேலை செய்தாள். மேசையில் இரண்டு ஸ்கிரீன், மடியில் லப்டொப், காதில் ஹெட்போன். ஆட்கள் உள்ளே வருகிறதற்கே வரிசை என்றாள். கூட்டம் வந்தால் நல்லதுதானே என்று கேட்டேன். சேர்வர் தாங்க வேண்டுமே என்றாள்.

முதலில் நடந்தவை சின்னப் பிழைகள். நடந்து போகிற ஆள் நிலத்துக்குள் இறங்கிக் காணாமல் போவதாம். ஒருவருக்கு லாம்பு இருக்கிறது, பிடிக்கிற கை இல்லையாம். எங்கோ ஒருவர் களப்புத் தண்ணீருக்கு மேல் நின்றபடி நின்றுவிட்டாராம், அசைய முடியவில்லை. திட்டுகிறவர்கள் திட்டினார்கள். திறக்கிற அன்றைக்கு எல்லாக் கேமிலும் இப்படித்தான், நாளைக்குச் சரியாகிவிடும் என்று விளையாடுகிறவர்களே ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். அந்நியர்கள் இவ்வளவு பொறுமையாக இருப்பதைப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கோயில் வரிசையில்கூட நாங்கள் இப்படி நிற்பதில்லை.

பிறகு மகள் இரண்டு ஸ்கிரீனையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கினாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் போய் நின்றேன்.

ஸ்கிரீனில் அந்த ஊர் தெரிந்தது. கறுப்பும் நீலமுமான இருட்டு. தென்னைகள், ஓலை வேலிகள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் லாம்புகள். ஒன்று இரண்டல்ல, வாசலை அடைத்துக்கொண்டு, ஒழுங்கையெல்லாம் நிறைந்து, களப்புக் கரைவரை லாம்புகள். ஒன்றும் அசையவில்லை. எல்லாம் வீடுகளைப் பார்த்தபடி நின்றன.

"ஏன் பிள்ளை எல்லாரும் நிக்கினம்?"

அவள் ஹெட்போனைக் கழற்றிச் சத்தத்தை வெளியில் விட்டாள். என் குரல் கூப்பிட்டது. பிள்ளை, பொழுதுபட்டிட்டுது, வீட்டை வா. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். பிறகு தவளைச் சத்தமும் காற்றும் மட்டும். வெகுநேரம் கழித்து அடுத்த வீட்டில் இருந்து நான் கூப்பிட்டேன். அங்கேயும் இரண்டே தரம்.

"மூண்டாவது வரேல்லை அம்மா," என்றாள். "ஒரு வீட்டிலயும் வரேல்லை."

அப்படியென்றால் அந்த ஊரில் உயிரோடு ஒருவரும் இல்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. திருநீற்றை எடுத்து அவள் நெற்றியில் பூசிவிட்டுக் குசினிக்குப் போனேன். அங்கேயும் என் குரல் வந்தது. நான் சும்மா நிற்க, என் குரல் அறையில் இருந்து யாரையோ கூப்பிடுவது எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு தரம் அறியாமல் "என்ன" என்று கேட்டுவிட்டேன். இரண்டாம் கூப்பிடலுக்கு. உடனே வாயைப் பொத்திக்கொண்டேன்.

மறுநாளும் லாம்புகள் நின்றன. முதல் நாள் இதுதான் கேம் என்று நம்பினார்களாம். எவ்வளவு நேரம் பொறுக்கிறோம் என்று சோதிக்கிறார்கள் என்று ஒருவர் எழுத, அதைக் கேட்டு மற்றவர்களும் நின்றிருக்கிறார்கள். நோர்வேயில் ஒரு பெடியன் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தானாம், தன்னுடைய லாம்பு அதே வாசலில் நிற்கிறதாம். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத ஒருவர், அந்த அம்மா என்ன சொல்கிறார், அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்கு ஒருவர், வீட்டுக்கு வரச் சொல்கிறார், ஆனால் போகக்கூடாது என்று விளக்கியிருந்தார். மகள் இதையெல்லாம் வாசித்துக் காட்டினாள். அவள் குரல் ஒரே மாதிரி இருந்தது.

பின்னேரமாகக் கோபம் வந்துவிட்டது. காசைத் திருப்பித் தா என்றார்கள். ஏமாற்றுக்காரர் என்றார்கள். இந்தக் குரல் தலைக்குள் நின்று போகவில்லை, கேமை மூடின பிறகும் கேட்கிறது என்று சிலர். வடிவான பகிடியும் இருந்தது. "என்ர சொந்த அம்மாவே இவ்வளவு நேரம் என்னை வெளியில விடமாட்டா" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு மட்டும் மகள் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

அன்று ஞாயிறும் இல்லை, ஆனால் அண்ணா போன் எடுத்தார். அவருடைய மகன் கேமைக் காட்டியிருக்கிறான்.

"உன்ர குரலைக் கேட்டன். செத்த வீட்டில இருந்து கூப்பிடுற மாதிரி இருக்கு," என்றார். "அவளை அங்க வச்சு என்ன செய்யப்போறாய்? பேயளோட விளையாடுறதும் ஒரு வேலையோ?"

மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். அவள் ஓம் மாமா, ஓம் மாமா என்பது மட்டும் கேட்டது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னாள், இந்தக் கிழமைக்குள் சரிவராவிட்டால் தான் போவதுதான் சரி என்று. எல்லோரையும் வீட்டுக்கு வா என்று கூப்பிட்ட என் குரலே என் பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பப்போகிறது. அன்று விளக்குக்கு முன்னால் இருந்து எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. பாட்டும் வரவில்லை, மந்திரமும் வரவில்லை. முருகா, முருகா என்பது மட்டும் வந்தது.

அடுத்த நாள் காலையில் மகளோடு வேலை செய்கிற சிங்களப் பெடியன் வந்தான். அவர்களுடைய கேமுக்கு உள்வேலையெல்லாம் எழுதுகிறவன் அவன்தான். நல்ல உடம்பு, நல்ல சிரிப்பு. என்னை ஆன்ட்டி என்பான். அன்று சிரிப்பில்லை. இரவிரவாகத் தேடிப் பிழையைப் பிடித்துவிட்டிருந்தான். அரைத் தமிழிலும் சிங்களத்திலும் அவன் சொன்னதை மகள் எனக்குத் தெளிவாக்கினாள்.

நான் கூப்பிட்டது இரண்டு தரம்தானே. வெள்ளிக்கிழமை வரும், புதிதாகப் பதியலாம் என்று நினைத்து, அதுவரைக்கும் மகள் இரண்டாம் கூப்பிடலையே கொப்பி பண்ணி மூன்றாவதாக வைத்திருக்கிறாள். அப்படியே விட்டுப்போயிற்று. அலுவலகத்தில் நாலைந்து பேர் விளையாடிப் பார்த்தபோது மூன்றும் ஒழுங்காகக் கேட்டது. ஆனால் கூட்டம் கூடினால் லைன் அடைபடாமல் இருக்க இவன் ஒரு காவல் வைத்திருக்கிறான். இப்போதுதான் அனுப்பினதையே திரும்ப அனுப்ப வந்தால் அதைத் தடுத்துவிடும் காவல். ஆட்கள் குறைவாக இருந்தபோது அது சும்மா கிடந்தது. திறந்த அன்றைக்கு எழும்பிவிட்டது. மூன்றாம் கூப்பிடல் வந்ததும், இது இரண்டாவதே அல்லவா என்று தள்ளிவிட்டிருக்கிறது. ஒரு தரமல்ல, ஒவ்வொரு வாசலிலும்.

மகளுக்கும் பெடியனுக்கும் அது கணக்குப் பிழை. எனக்கு அப்படித் தெரியவில்லை. கொப்பி பண்ணின குரலில் மூச்சில்லை. மூச்சில்லாத குரல் மூன்றாம் தரம் கூப்பிட முடியாது. இதை ஒரு மெஷின் எப்படி அறிந்தது?

கூட்டம் உள்ளே நிற்கும்போது காவலைக் கழற்றினால் எல்லாம் விழுந்துவிடும் என்று பெடியனுக்குப் பயம். சுகமான வழி ஒன்று இருக்கிறது, கொப்பியைக் கொஞ்சம் மாற்றிவிட்டால் காவல் விட்டுவிடும் என்றான். என் குரலை ஒரு நூல் இறக்கி, ஒரு நூல் இழுத்து, போட்டுக் காட்டினான்.

மூன்று பேரும் கேட்டோம். அது நான்தான். ஆனால் நான் இல்லாத காலத்து நான். சுவரில் மாலை போட்ட படத்துக்குள் இருந்து கூப்பிட்டால் அப்படித்தான் இருக்கும். மகள் எட்டி லப்டொப்பை மூடினாள். பெடியன் மெல்ல "எப்பா, எப்பா" என்றான். வேண்டாம் என்று சிங்களத்தில் சொல்வது.

"அம்மா, நீங்கள்தான் கூப்பிட வேணும்," என்றாள் மகள். "உண்மையா."

நான் கலண்டரைப் பார்த்தேன். ராகுகாலம் நடந்துகொண்டிருந்தது. உலகத்தில் அத்தனை பேர் வாசலில் நிற்கிறார்கள், காசு கேட்கிறார்கள், ஆனாலும் ராகுகாலத்தில் என்னால் முடியாது என்று எப்படிச் சொல்வது? பெடியன் என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டான்.

"ராகுகாலயத ஆன்ட்டி? எங்கட அம்மாவும் அப்பிடித்தான். சரி, நிப்பம்."

நின்றோம். நான் தேத்தண்ணீர் போட்டேன். மகள் விளையாடுகிறவர்களுக்கு எழுதினாள். மூன்றாம் கூப்பிடல் இன்றைக்கு வரும், தயவுசெய்து இன்னும் கொஞ்சம் பொறுங்கள். ராகுகாலம் என்று எழுதவில்லை. கீழே திட்டிச் சிலர் எழுதினார்கள். ஒருவர், இவ்வளவு நேரம் நின்றாயிற்று, இனி அவவைத் தனிய விட்டிட்டு எங்கே போகிறது என்று எழுதியிருந்தார். அதை மகள் இரண்டு தரம் வாசித்தாள்.

நேரம் நல்லதானதும் நான் விளக்கேற்றினேன். படுக்கையறையும் தலையணையும் வேண்டாம், வீட்டு வாசலில் வைத்துத்தான் கூப்பிடுவேன் என்றேன். மகள் வெளியில் போய் மாடிப்படியில் நிற்க வேண்டும், மூன்றாம் தரம் கூப்பிட்டதும் உள்ளே வரவேண்டும். கூப்பிட்ட சொல்லுக்கு ஒரு ஆள் வந்து சேர வேண்டும். ஆள் வராத சொல்லை வெளியில் விடக்கூடாது. அவள் வாதாடவில்லை. படியில் இறங்கித் திருப்பத்தில் மறைந்தாள்.

பெடியன் மைக்கைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான். நான் திறந்த கதவில் கைவைத்துக் கூப்பிட்டேன். முதலாம் தரம் நடுங்கியது. இரண்டாம் தரம் பழையபடி வந்தது. பிறகு பல்லிக்காகக் காத்திருந்தேன். அது சொல்லவில்லை. கடற்கரைப் பாதையில் ரயில் போய் முடிந்தது. படியில் ஒரு சத்தமும் இல்லை. அவள் அங்கே நிற்கிறாளா, லண்டனுக்கே போய்விட்டாளா என்று பயம் வந்துவிட்டது எனக்கு.

"பிள்ளை. பொழுதுபட்டிட்டுது. வீட்டை வா."

குரல் உடைந்துபோயிற்று. முதல் இரண்டும் மாதிரி அது இல்லை.

"வாறன் அம்மா," என்று படியில் இருந்து அவள் குரல் வந்தது. பிறகு செருப்புச் சத்தம். பிறகு அவள்.

உடைந்ததையே வைத்தார்கள். அவளுடைய "வாறன் அம்மா"வையும் வெட்டவில்லை. அன்று பின்னேரம் கேமுக்குள் அனுப்பிவிட்டு மூவரும் ஸ்கிரீனுக்கு முன்னால் இருந்தோம். லாம்புகள் நின்றன. கேமுக்குள் நான் இரண்டு தரம் கூப்பிட்டேன். தவளைச் சத்தம். காற்று. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு உடைந்த குரல் வந்தது.

ஒன்றும் அசையவில்லை. அவர்களுக்கு நம்பிக்கை இல்லைப் போலும். பிறகு ஒரு லாம்பு அசைந்து படலையைத் தாண்டி உள்ளே போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு வாசல் வாசலாக, ஒழுங்கை ஒழுங்கையாக, வெளிச்சங்களெல்லாம் வீடுகளுக்குள் போகத் தொடங்கின. பெடியன் தன் கன்னத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தான். மகள் என் கையைப் பிடித்திருந்தாள்.

கடைசியில் களப்புக் கரை வீட்டு வாசலில் ஒரே ஒரு லாம்பு நின்றது. மூன்றாம் கூப்பிடல் அங்கேயும் வந்தது, திரும்பவும் வந்தது, அது போகவில்லை. போனைத் திறந்துவைத்துவிட்டு நித்திரையாகியிருப்பான் என்றான் பெடியன். இருக்கலாம். அடுத்த நாளும் அது அங்கேதான் நின்றது என்று மகள் ஒரு தரம் சொன்னாள். பிறகு நான் கேட்கவில்லை.

திட்டினவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். அவர்களுக்குப் பிடித்தது அந்த உடைந்த குரல்தானாம். கேம் ஓடுகிறது, பெரிதாக இல்லை, கொப்பிக் கடைக்கு மேல் இரண்டு அறையைத் தாங்குகிற அளவுக்கு. மகள் அண்ணாவுக்குப் போன் எடுத்து இப்போதைக்கு வரவில்லை என்றாள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் விளக்குக்கு முன்னால் இருந்து நன்றி சொன்னதோடு விட்டேன்.

இது நடந்து கொஞ்ச நாளில் ஒரு பின்னேரம் மழை பெய்து கரண்டும் போயிற்று. லிஃப்ட் இல்லை, மணி இல்லை. விளக்கேற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் மகளின் குரல் கேட்டது.

"அம்மா."

கதவடிக்குப் போய்க் கொண்டியில் கை வைத்தேன். "அம்மா" என்று இரண்டாம் தரமும் கேட்டது. நான் நின்றேன். மழை இரைந்தது. மூன்றாவது வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நிற்கும்போது மரத்துக்கு ஒரு கனம் வருமே, அது இருந்தது. கை கொண்டியிலேயே இருந்தது. திறக்கவில்லை.

அப்போது போன் அடித்தது. மகள்தான். பம்பலப்பிட்டி ஸ்டேஷனில் நிற்கிறாளாம், ரயில் பிந்துகிறதாம், பயப்பட வேண்டாமாம். கவனமாக வா என்று சொல்லி வைத்தேன்.

மேல் வீட்டில் யாரோ அந்தக் கேமை விளையாடியிருக்கலாம். ஆனால் கேமுக்குள் அவள் சொல்வது "வாறன் அம்மா" என்றுதான். வெறும் "அம்மா" அதில் இல்லை. அதை நான் மகளிடமோ பெடியனிடமோ கேட்கவில்லை.

திருநீறு பூசிக்கொண்டு மூடின கதவுக்கு முன்னால் வந்து நின்றேன். வெளியில் யார் நின்றாலும், இந்த வீட்டில் உயிரோடு ஒரு ஆள் இருக்கிறாள் என்று தெரியட்டும். என் பிள்ளையை நினைத்துக்கொண்டு, பெலத்து, மூன்று தரம் கூப்பிட்டேன். மூன்றாம் தரம் குரல் உடையவில்லை.

ரயில் வந்து, மழை விட்டு, படியில் செருப்புச் சத்தம் கேட்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.

"அம்மா. அம்மா." கொஞ்சம் இடைவெளி. "அம்மா, கதவைத் திறவுங்கோவன், நனைஞ்சுபோனன்."

திறந்தேன்.